அன்னாளின் நாள்

அவர் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினார்.

அடுப்பு வெளிச்சத்தில் அதைப் பார்த்தேன். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எங்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸின் சமையலறை அது. வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. முந்தைய வாரம் பெய்த மழைக்கு மலைச்சரிவு முழுக்கக் காப்பி பூத்திருந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தும் ஓட்டு இடுக்கு வழியாக அந்த வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது. மல்லிகை போலத்தான் இருக்கும். ஆனால் அதைவிடக் கனம். தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

என் கணவர் ஆசீர்வாதம் அந்த எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கெழுதுகிற குமாஸ்தா. தினமும் அந்த நேரத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, மடியில் வேதத்தை விரித்து, அன்றைய பகுதியை வாசிப்பார். ஒவ்வொரு தாளையும் விரலால் நீவி நீவிப் புரட்டுகிறவர். தெரியாமல் இரண்டு தாள் சேர்ந்து வர வாய்ப்பே இல்லை.

"ஏனுங்க, ஒரு தாளு சேந்து வந்துருச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் தாண்டிப் போன தாளில் அன்னாள் இருந்தாள். பிள்ளையில்லாத அன்னாள். கோயிலில் போய் உதடு மட்டும் அசைய அழுது ஜெபித்தவள். குடித்துவிட்டு வந்திருக்கிறாளோ என்று ஆசாரியனே நினைக்கும்படி அழுதவள். எங்கள் வாசிப்பு வரிசையில் அவள் கதை வருடா வருடம் காப்பி பூக்கும் நாட்களில்தான் வரும். கல்யாணமானதிலிருந்து ஒரு வருடம்கூட நாங்கள் அதை விட்டதில்லை.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிற என் பள்ளித்தோழி ஒருத்தி போன மாதம் போனில் கேட்டாள். "எஸ்டேட் லாரி டிரைவரைப் பத்திக்கூட எழுதிட்டே. பொன்னியப் பத்தி மட்டும் ஒரு வரி இல்லையே?" நான் பேச்சை மாற்றிவிட்டேன். மாற்றிவிட்டேனே தவிர, அதன் பிறகு வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் கை அங்கேதான் போகிறது. எழுதிவிடுகிறேன்.

படித்ததற்கு வெளியே போகாமல்

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தேன். சேலத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தக் குளிர் பழக ஒரு வருடம் ஆயிற்று. வந்த மறுநாள் காலையில், கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவளை அவர் எழுப்பினார். "கிருபா, அடுப்பப் பத்த வெச்சிருக்கேன். அங்க வந்து உக்காரு, குளிராது."

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் காலை ஜெபம்.

சபையில் வருடப் பிறப்பன்று ஒரு அட்டை கொடுப்பார்கள். எந்தத் தேதிக்கு எந்தப் பகுதி என்று போட்டிருக்கும். அதன்படி வாசித்தால் வருடத்துக்குள் முழு வேதமும் முடிந்துவிடும். இதில் புதுமை ஒன்றுமில்லை. நிறைய வீடுகளில் உண்டு. என் அப்பா வீட்டிலும் உண்டு. ஆனால் அங்கே வாசிப்பு வேறு, ஜெபம் வேறு. எதை வாசித்தாலும் அப்பா அதே ஜெபத்தைத்தான் செய்வார்.

இவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. அன்றைக்குப் படித்ததிலிருந்துதான் ஜெபம் வர வேண்டும். படித்ததற்கு வெளியே போய் எதையும் கேட்கக் கூடாது.

"அவரு ஒண்ணப் பத்திப் பேசிட்டு இருக்கறப்ப, நாம வேற ஒண்ணப் போயிக் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்பார்.

கிணறு தோண்டிய கதை வந்தால் அன்று தொழிலாளர் லைன் வீடுகளின் தண்ணீருக்காக ஜெபம். மழையில்லாத தேசத்தில் கடல் ஓரமாக ஒரு சின்ன மேகம் தென்பட்ட கதை வந்தால், அன்று எங்கள் பூ மழைக்காக. மார்ச் கடைசியில் அந்த ஒரு மழை வராவிட்டால் காப்பிக்கு அந்த வருடமே போச்சு. பக்கம் பக்கமாக வெறும் பேர்களாக வருகிற அதிகாரங்கள் இருக்கின்றனவே, அவற்றை எல்லாரும் ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள். இவர் அத்தனை பேரையும் நிறுத்தி வாசித்துவிட்டு, தன்னிடம் வேலை செய்கிறவர்களின் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார். செக்ரோல் என்கிற ஆள்கணக்கு எழுதுகிற மனிதர், ஒருவர் விடாமல் ஞாபகம் இருக்கும். அன்று மட்டும் கஞ்சி ஆறிப்போகும்.

இன்னொன்று. கோயிலில் போதகர் "தேவரீர்" என்று ஜெபிப்பார். இவர் வீட்டில், எஸ்டேட் துரையிடம் பேசுகிற மாதிரி, "ஏனுங்க ஆண்டவரே" என்றுதான் ஆரம்பிப்பார். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். அவர் கண்ணை மூடியபடியே, "சிரிக்கட்டுமுங்க, புதுசா வந்திருக்குது" என்று அதையும் ஜெபத்தில் சேர்த்துவிட்டார்.

பேர் வைக்காதது

அந்த ஒழுங்கால் ஒரு கஷ்டம் இருந்தது. மனசில் என்ன இருந்தாலும் அதற்குரிய பகுதி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பிள்ளை வேண்டும் என்று கேட்க வருடத்தில் சில நாட்கள்தான் உண்டு. வருட ஆரம்பத்தில், பிள்ளைக்காக ஏங்கிய சாராள் வருவாள். கொஞ்சம் தள்ளி ராகேல். கடைசியில், கிறிஸ்துமஸ் பக்கம், எலிசபெத். ஆனால் எனக்கு நெருக்கமானவள் அன்னாள்தான். மற்றவர்கள் எல்லாம் ஒன்று வயதானவர்கள், இல்லாவிட்டால் சண்டைக்காரிகள். அன்னாள் என் வயதுக்காரி மாதிரி இருந்தாள்.

முதல் வருடம் அன்னாளின் நாளில் இரண்டு பேரும் வெட்கத்தோடுதான் கேட்டோம். "எங்களுக்கும் ஒண்ணு குடுங்க ஆண்டவரே" என்று அவர் சொன்னபோது நான் ஆமென் சொன்ன வேகத்தைப் பார்த்து அவர் சிரித்தார். ஆடி மாதத்துக்குள் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

ஐந்தாம் மாதம் வலி கண்டது; கொட்டுகிற மழையில், எஸ்டேட் ஜீப்பில் அடிவாரம் வரைகூடப் போய்ச்சேர முடியவில்லை. கொண்டை ஊசி வளைவு ஒன்றிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவர் என்னை எழுப்பவில்லை. நானே எழுந்து போய் அடுப்பருகில் உட்கார்ந்தேன். அன்றைய பகுதி, பாருங்கள், வெறும் பேர்ப் பட்டியல். சிறையிருப்பிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பேர்கள். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

பிறகு, "நாங்க பேரு வெக்கலீங்க ஆண்டவரே" என்றார்.

அவ்வளவுதான் அன்றைய ஜெபம். நான் அழுதேன். அவர் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

அதன்பின் எனக்குத் தங்கவில்லை. அன்னாளின் நாள் வரும், கேட்போம், பூ உதிர்ந்து பச்சைக்காய் பிடிக்கும், காய் சிவக்கும், பறித்து முடிப்பார்கள், மறுபடி பூக்கும்.

எங்களுக்காக மற்றவர்களும் கேட்டார்கள். எஸ்டேட்டின் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் நான் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அதனால் எல்லாருக்கும் நான் டீச்சரம்மா. நாகலூரில் துணிக்கடை வைத்திருந்த காதர் பாயின் மனைவி, சேலத்து தர்காவிலிருந்து ஓதிய தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். காப்பி பறிக்கிற மாராயி, மலை உச்சிக் கோயிலுக்குப் போன இடத்தில் மரக்கிளையில் என் பேருக்கு ஒரு தொட்டில் கட்டிவிட்டு வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. நீங்க கும்புடற சாமி வேறன்னு தெரியுமுங்க. மனசு கேக்கலீங்க, கட்டிட்டேன்" என்றாள்.

இவரிடம் கேட்டேன். "படிச்சதுக்கு வெளிய போகக் கூடாதுங்கறது நமக்குத்தான். அவங்களுக்கு என்ன?" என்றார். தண்ணீரைக் குடித்தேன். மாராயிக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ரெண்டு வாரம்

என் பேருக்குத் தொட்டில் கட்டியபோது மாராயியே பிள்ளை உண்டாகியிருந்தாள். அவளுக்குப் பிறந்தவள்தான் பொன்னி.

பொன்னிக்கு மூன்று வயது நடக்கும்போது ஒரு மழைக்காலத்தில் மாராயிக்குக் காய்ச்சல் வந்தது. இருமல் நெஞ்சில் கட்டிக்கொண்டது. எஸ்டேட் டாக்டர் பார்த்தார், சேலத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்து சில நாளில் அவள் புருஷன் பழனி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான். எஸ்டேட்டில் கிளை வெட்டுகிற வேலை அவனுக்கு. சின்ன வயது, இருபத்தைந்து இருந்தால் அதிகம். கண் இரண்டும் குழி விழுந்து கிடந்தன.

"மேட்டூர்ப் பக்கம் கெணறு வெட்டற வேல இருக்குதாமுங்க. ரெண்டே வாரமுங்க டீச்சரம்மா. வந்தர்றனுங்க. அந்த ஊட்டுக்குள்ள போனா அவ இருமற சத்தந்தான் கேக்குது. படுக்க முடியலீங்க."

"புள்ளைய?"

"அவ உங்ககிட்டத்தான் நொம்ப ஒட்டுதலுங்க. அதுவரைக்கும் வெச்சிருங்க."

பொன்னி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியே என் தோளுக்கு மாற்றிக் கொடுத்தான். அந்தச் சூட்டை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கழுத்தடியில் அவள் மூச்சு பட்டது. பழனி படி இறங்கிப் பஸ்ஸுக்குப் போனான்.

இரண்டு வாரம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. அந்த வருடக் காப்பி பறித்து முடித்தார்கள். பழனியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பொன்னியின் கேள்வி

காலை ஜெபத்துக்குப் பொன்னியை யாரும் கூப்பிடவில்லை. சமையலறையில் சூடு இருக்கிறதென்று அவளே போர்வையை இழுத்துக்கொண்டு வந்து என் மடியில் படுத்துக்கொள்வாள். முதலில் தூங்கிக்கொண்டே கேட்டாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

பேழையில் எல்லா மிருகமும் ஜோடி ஜோடியாக ஏறிய கதை வந்த அன்று, "நம்ம கோழிக்கு ஜோடி இல்லையே மாமா, அதை ஏத்துவாங்களா?" என்றாள். இவருக்கு வாசிப்பே நின்றுவிட்டது. "ஏத்துவாங்க கண்ணு. நான் சொல்லி வெக்கிறேன்" என்று கோழிக்காகவும் ஜெபித்தார்.

என்னை அத்தை என்பாள், அவரை மாமா. அம்மா என்று கூப்பிட நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மாராயி இருந்த இடம் அது.

ஐந்து வயதானதும் தானும் ஜெபம் செய்வேன் என்று அடம்பிடித்தாள். எங்கள் ஒழுங்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. படித்ததிலிருந்துதான் கேட்க வேண்டும். ஒரு நாள், காணாமல்போன ஆட்டை மேய்ப்பன் தேடிப்போன பகுதி வந்தது. இவர் முடித்ததும் அவள் கையைக் குவித்துக்கொண்டாள்.

"ஏனுங்க சாமி, அவரு ஆட்டத் தேடுனாருல்லீங்க. அதே மாதிரி எங்கப்பனையும் தேடிக் குடுங்க."

அப்பன் முகம் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் அப்பன்மார் வந்து கூட்டிப் போவதைப் பார்த்திருக்கிறாள். அதன்பின் அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள். எந்தப் பகுதி வந்தாலும் அதற்குள் அப்பனைக் கொண்டுவந்துவிடுவாள். கடல் பிளந்தால், அந்த வழியாக அப்பன் நடந்து வரட்டும். காகம் ரொட்டி கொண்டுவந்தால், அப்பனுக்கும் கொடுக்கட்டும்.

ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஆமென் சொன்னோம். இவர் உடனே சொல்வார். என்னுடையது கொஞ்சம் கழித்து வரும்.

அந்த வருடங்களில் அன்னாளின் நாள் வந்தபோது நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. வாசித்துவிட்டு நன்றி மட்டும் சொன்னோம். பொன்னி என் மடியில் கிடப்பாள். தலையில் விளக்கெண்ணெய் மணக்கும்.

சபையில் ஒரு பெரியவர் இருந்தார், எங்கள் மேல் அன்புள்ளவர். "ஞானஸ்நானம் குடுத்து உங்க பேருக்கு எழுதி வெச்சிருங்க, ரைட்டர். நாளைக்கு எவனும் வந்து கேக்க முடியாது" என்றார். நானும் அதை யோசிக்காமலில்லை.

இவர் மறுத்துவிட்டார். "பெத்தவன் இருக்கானுங்க ஐயா. அவன் இல்லாத நேரம் பாத்து அந்தப் புள்ளைக்கு நான் முடிவு பண்றது சரியில்லீங்க. பெரியவளாகி அவளே கேட்டா, அது வேற."

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவரிடம் நான் பேசவில்லை. பொன்னி எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள்.

சரோஜா

பழனி வந்தது பறிப்பு சீசனில், ஒரு சாயங்காலம். கூடவே ஒரு பெண். ஒல்லியாக, மூக்குத்தி போட்டு, குளிருக்குத் துண்டால் காதை மூடிக்கொண்டு நின்றாள். அவள் கையில் கொய்யாப்பழப் பை.

நான்கு வருடம் ஆகியிருந்தது. கிணறு வெட்டும்போது பாறை சரிந்து கால் நசுங்கி, மேட்டூரிலேயே கிடந்திருக்கிறான். பிறகு குப்பனூரில் தூரத்துச் சொந்தம் ஒருவர் தோட்டத்தில் வேலை. அங்கேதான் இந்தச் சரோஜாவைக் கட்டியிருக்கிறான். நடக்கும்போது ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தான்.

"மூஞ்சியில முழிக்க ஏலாமத்தானுங்க வராம இருந்தேன்" என்றான் பழனி, தரையைப் பார்த்துக்கொண்டு. "கட்டிக்கறப்பவே இவகிட்டச் சொல்லிட்டனுங்க, எனக்கொரு புள்ள இருக்குதுன்னு. அப்பத்துலருந்து, கூட்டிட்டு வா, கூட்டிட்டு வான்னு இவதானுங்க."

அந்தப் பெண்ணைக் கெட்டவளாக நினைத்துக்கொள்ள நான் எவ்வளவோ முயன்றேன். அவள் இடம் கொடுக்கவில்லை. கொய்யாப்பழத்தை என்னிடம் நீட்டிவிட்டு, "புள்ள பழம் தின்னுமுங்களா? சளி புடிக்குமுன்னா வேண்டாமுங்க" என்றாள்.

பொன்னி கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்தான் கூப்பிட்டார். "பொன்னி, இங்க வா சாமி. யாரு வந்திருக்காங்க பாரு. உங்கப்பன்."

அவள் வந்தாள். பழனியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, "தேடிட்டாரா மாமா?" என்றாள்.

"தேடிட்டாரு கண்ணு" என்றார். வெளியே போய்விட்டார்.

அவர்கள் அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். மறுநாள் காலை எந்தப் பகுதி வந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. ஏதோ தீர்க்கதரிசி ஏதோ பட்டணங்களைப் பற்றிச் சொல்வது. இவர் வாசித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து எடுத்துக் கேட்க அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பொன்னிதான் ஜெபித்தாள். படித்ததற்கு வெளியே போகக் கூடாது என்பதையெல்லாம் அன்று அவள் பார்க்கவில்லை.

"எங்கப்பன் வந்துருச்சுங்க சாமி. நன்றிங்க."

நான் ஆமென் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

பஸ் ஏறும்போது அவள் அழவில்லை. ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷம். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும்தான் நாங்கள் ஏறவில்லை என்பதைக் கண்டுபிடித்திருக்கிறாள். "அத்தே" என்ற சத்தம் வளைவு வரை கேட்டது.

அதே தாள்

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன். பொன்னி போன பிறகு வந்த முதல் பூ மழைக் காலம். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, "தெரியும்" என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார் இவர்.

"படிங்க" என்றேன்.

"வேண்டாம் கிருபா. உன்னால தாங்க முடியாது."

"என்னாலயா, உங்களாலயா?"

அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். அந்த மூன்று மாதத்தில் மனிதர் இளைத்துப்போயிருந்தார். ஸ்வெட்டர் தோளில் தொங்கியது. அடுப்புக்கு அந்தப் பக்கம், பொன்னியின் சின்னப் பலகை கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க இரண்டு பேருக்கும் மனம் வந்திருக்கவில்லை.

அவர் மடியிலிருந்து புத்தகத்தை நான் எடுத்தேன். ஒரு தாளைப் பின்னால் புரட்டினேன். எங்கள் வீட்டில் அதுவரை நான் வாசித்ததில்லை. அவர் வாசிப்பார், நான் கேட்பேன். அன்னாள் அழுதாள். கேட்டாள். கிடைத்தது. பால் மறந்ததும் பிள்ளையைக் கோயிலில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அந்த இடம் வந்ததும் வாசிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருடமும் பிள்ளை கேட்டவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினவளைப் பார்த்ததே இல்லை.

அன்றைய பகுதி அங்கே முடிகிறது. நான் அதோடு விடவில்லை. அடுத்த நாளுக்கானதையும் வாசித்தேன். நடுவில் ஒரு வரி வந்தது. வருடாவருடம் அவள் பிள்ளைக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவாள் என்று. எத்தனையோ முறை காதில் விழுந்த வரிதான்.

புத்தகத்தை மூடினேன். அவர் ஜெபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். அதனால் நானே வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க ஆண்டவரே, நானும் ஒரு சட்டை தெக்கிறேனுங்க. அதைக் கொண்டுபோயிக் குடுத்துட்டு, அவள அங்கியே விட்டுட்டுத் திரும்பி வர பெலன் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்க."

துண்டுக்குள்ளிருந்து அவர் ஆமென் சொன்னார்.

குப்பனூர்

காதர் பாய் கடையில் மஞ்சள் பூப்போட்ட துணி எடுத்தேன். "பொன்னிக்குங்களா?" என்று கேட்டார். "வளர்ற புள்ளைங்க. கொஞ்சம் சேத்தே கிழிக்கிறேன்" என்று சேர்த்துக் கிழித்தார். என் கை மிஷினில் இரண்டு சாயங்காலம் தைத்தேன். அளவுக்கு அவள் விட்டுப்போயிருந்த பழைய கவுன் ஒன்றை வைத்துக்கொண்டேன்.

குப்பனூர் வழியாக இறங்குகிற பஸ்ஸை அப்போது நம்ப முடியாது. அடிவாரம் வழியாகச் சேலம் போய், டவுன் பஸ் மாறிப் போனேன். இவர் வரவில்லை. "நான் வந்தா கூட்டிட்டு வந்துருவேன். நீ போ" என்றார்.

மலையிலிருந்து இறங்கினால் வெயில் முகத்தில் அறைந்தது. தோட்டத்து ஓரத்தில் ஓட்டு வீடு. வாசலில் சரோஜா பூ கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"வாங்க டீச்சரம்மா, வாங்க. பொன்னி, யாரு வந்திருக்கறாங்க பாரு."

பொன்னி வந்து சரோஜாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கறுத்திருந்தாள், வளர்ந்திருந்தாள். முடியை இரட்டைச் சடையாகப் பின்னிக் கனகாம்பரம் வைத்திருந்தது. கையை நீட்டினேன். வரவில்லை. சரோஜாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வெட்கமா, கோபமா, தெரியவில்லை.

"அத்தை கண்ணு" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

கவுனை எடுத்துக் கொடுத்தேன். சரோஜாதான் வாங்கி மாட்டிவிட்டாள். தோள் பட்டையில் இறுக்கிப் பிடித்தது. முதுகுப் பட்டன் சேரவில்லை. நீளம் முழங்காலுக்கு நாலு விரல் மேலே நின்றது. நான் தைத்தது மலையிலிருந்து போன பொன்னிக்கு. இந்தப் பொன்னி அதற்குள் அடங்கவில்லை.

"பரவாயில்ல, கழட்டிரு கண்ணு" என்றேன். பைக்குள் மடித்து வைத்துக்கொள்ளக் கையை நீட்டினேன்.

சரோஜா கவுனைத் திருப்பித் தரவில்லை. பூ கட்டுகிற நூல் கண்டை எடுத்தாள். பொன்னியை நேராக நிற்கவைத்து, தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை நூலைப் பிடித்துப் பார்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். தோளுக்குத் தோள் வைத்து இன்னொரு முடிச்சு. மார்பைச் சுற்றி ஒன்று. பல்லால் நூலைக் கடித்து அறுத்து, என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அடுத்த வருசத்துக்குங்க. இதுக்கு மேல ரெண்டு வெரக்கடை சேத்து வெட்டுங்க டீச்சரம்மா. சீக்கிரமா வளர்றா."

பிறகு மெதுவாக, "இந்தக் கவுனு இருக்கட்டுமுங்க. பக்கத்தச் சேத்து நான் பெருசு பண்ணிக்கிறேன்" என்றாள்.

நான் கிளம்பும்போது பொன்னி வாய்க்கால் வரை கூட வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்ததும் விட்டாள்.

அந்த நூலை வைத்துத்தான் அடுத்த வருடம் வெட்டினேன். அதற்கடுத்த வருடம் வேறு நூல். கவுன் பாவாடை சட்டையாயிற்று, பாவாடை தாவணியாயிற்று. தொண்ணூறுகளில் அவளுக்குக் கல்யாணமானபோது ரவிக்கை தைத்துக்கொண்டு போனேன். அந்தக் கல்யாணத்துக்கு இவர் இல்லை. இப்போது நான் சேலத்தில் தனியாகத்தான் வாசிக்கிறேன். படித்ததிலிருந்துதான் கேட்கிறேன். காப்பிப் பூ வாசனை இங்கே வராது.

ஆனால் எழுத உட்கார்ந்ததும் முன்னால் வந்து நிற்பது அந்த முதல் தடவை திரும்பி வந்த சாயங்காலம்தான்.

நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நல்ல பனி. சாலை ஓரத்தில் இவர் ஸ்வெட்டரும் மப்ளருமாக நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்கவில்லை.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சரியா இருந்துச்சா?"

"சின்னதாப் போச்சுங்க. அவ அம்மா அளவு குடுத்து விட்டிருக்கறா." அந்த வார்த்தை என் வாயில் தானாகத்தான் வந்தது.

நூலை வாங்கிப் பார்த்தார். முடிச்சுகளை விரலால் தடவினார். திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டு, தன் பக்கத்தில் கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தார்.

"இவ்வளவு ஒசரம் இருப்பாளா?"

"இன்னும் கொஞ்சம் மேல."

கையை உயர்த்தினார். "இங்கயா?"

"அங்கதானுங்க."

பஸ் திரும்பிக்கொண்டு போயிற்று. இறங்கினவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அவர் அந்தக் கையைக் கீழே விடாமல், அதே உயரத்தில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் பனிக்குள் நின்றுகொண்டிருந்தார்.